வாச்சாத்திப் பெண்கள் நமக்குச் சொல்லும் பாடம்

சமையல், கைவைத்தியம், குழந்தை வளர்ப்பு என்று நாம் ஆசையாகப் புரட்டுகிற பக்கங்களில் இதென்ன போலீஸ், கோர்ட்டு சமாசாரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! வீடு என்று ஒன்று பத்திரமாக இருந்தால்தானே அதில் அடுப்பு எரியும், தொட்டில் ஆடும்? அந்த வீட்டையே காவல் காக்க வேண்டியவர்கள் வந்து இடித்துப் போட்டால் என்ன ஆகும்? அப்படி ஒரு கொடுமை எங்கோ கண் காணாத தேசத்தில் நடக்கவில்லை. எங்கள் தருமபுரி மாவட்டத்திலேயே நடந்தது.

அரூருக்கு அந்தண்டை, சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு கிராமம். அங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள்தான். சாமை, கேழ்வரகு விளைவிப்பார்கள், ஆடு மாடு வளர்ப்பார்கள், காட்டில் புளி, கடுக்காய், தேன் எடுத்து வந்து விற்பார்கள். எங்கள் ஊர் வாரச் சந்தையில் நான் வாங்குகிற சாமையும் புளியும் அப்படி மலையிலிருந்து இறங்கி வருவதுதான். நாம் வைக்கிற ரசத்தில் அவர்கள் உழைப்பும் கரைந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும்.

சந்தன மரத்தால் வந்த வினை

சித்தேரி மலையில் அப்போது சந்தன மரங்கள் நிறைய இருந்தன. சந்தன மரம் யார் நிலத்தில் முளைத்தாலும் அரசாங்கச் சொத்து என்று இருந்த காலம் அது. திருட்டுத்தனமாக வெட்டிக் கடத்துவதற்குப் பெரிய பெரிய முதலாளிகள் இருந்தார்கள். அவர்கள் யாரும் கையில் கோடாலி எடுப்பதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத மலைவாசிகளைக் கூலிக்குப் பிடித்து வெட்டச் சொல்வார்கள். வெட்டியவனுக்கு அன்றைய கஞ்சிக்கு ஆகும். விற்றவன் மாளிகை கட்டுவான். அகப்பட்டுக் கொண்டால் அடிபடுகிறவன் மட்டும் கூலிக்காரன்! உலக வழக்கம்தானே இது?

1992-ம் வருஷம் ஜூன் மாதம் 20-ந் தேதி, சனிக்கிழமை. கடத்தல் கட்டையைத் தேடுகிறோம் என்று காலையில் ஒரு சிறு குழு வாச்சாத்திக்குள் போனது. ஊர்க்காரர்களுக்கும் அவர்களுக்கும் கைகலப்பாகிவிட்டது. அதன் பிறகு பெரும்படையாக வந்து இறங்கினார்கள். பின்னால் வழக்கில் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டவர்களின் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர். ஆக மொத்தம் 269 பேர்! ஒரு சின்னஞ்சிறு மலையடிவார கிராமத்துக்கு இத்தனை பேர்.

பட்டாளத்தைக் கண்டதும் ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். பெண்களைத் தேடி வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அகப்பட்டவர்கள் பெண்களும், கிழவர்களும், குழந்தைகளும்தான். வீடு வீடாகப் புகுந்து எல்லோரையும் இழுத்து வந்து ஊர் ஆலமரத்தடியில் உட்கார வைத்து அடித்தார்கள். பிறகு இளம் பெண்களாகப் பார்த்துப் பதினெட்டுப் பேரைப் பிரித்து, "ஒளித்து வைத்த கட்டையைக் காட்டு" என்று ஏரிப் பக்கம் லாரியில் ஏற்றிப் போனார்கள். அங்கே அந்தப் பதினெட்டுப் பேரும் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்குப் பதின்மூன்றே வயது. இதற்கு மேல் விவரமாக எழுத என் கை வரவில்லை. எழுதவும் வேண்டாம். தாய்மார்களுக்குச் சொல்லாமலே புரியும்.

அன்று இரவு அவர்களை அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைத்தார்கள். அங்கேயும் கொடுமை நிற்கவில்லை. ஊருக்கே பெரியவராக இருந்த கவுண்டரை விளக்குமாற்றால் அடிக்கும்படி அந்தப் பெண்களையே வற்புறுத்தினார்கள். தகப்பன் ஸ்தானத்தில் வைத்து மரியாதை செய்த ஒருவரைக் கை ஓங்கி அடிக்கச் சொன்னால் ஒரு பெண்ணின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! உடம்பில் பட்ட அடியை விட இந்த அடி பெரிது.

ஊரிலோ சூறையாடல் தொடர்ந்தது. ஓட்டை உடைத்தார்கள், பாத்திரம் பண்டங்களை நொறுக்கினார்கள், தானியத்தை மண்ணோடு கலந்து பாழாக்கினார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்று, மிச்சத்தைக் குடிநீர்க் கிணற்றில் போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அதில் பெரும்பாலும் பெண்கள். கைக்குழந்தைகளும் தாயோடு ஜெயிலுக்குப் போயின. மலையில் ஒளிந்தவர்கள் கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். ஊரில் விளக்கேற்ற ஆள் இல்லை.

மணலில் புதைத்த சந்தனக் கட்டைகளை மீட்டோம் என்று வனத்துறை சொன்னது. சரி, இருக்கட்டும். கட்டை கிடைத்தால் வழக்குப் போடலாம், கோர்ட்டில் நிறுத்தலாம், குற்றம் ருசுவானால் சிறையில் போடலாம். அதற்குத்தானே சட்டம் இருக்கிறது? கிணற்றில் செத்த ஆட்டைப் போடவும், பள்ளிக்கூட வயதுப் பிள்ளையை ஏரிக்கரைக்கு இழுத்துப் போகவும் எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது?

உலகமெங்கும் ஒரே கதை

இதை எழுத உட்கார்ந்தபோது குர்து மக்களைப் பற்றி நான் படித்தவை எல்லாம் மனசில் வந்து நின்றன. குர்துகளும் மலை ஜனங்கள்தான். துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்ற நாலு தேசங்களில் பிரிந்து கிடக்கிறார்கள். மூன்று கோடிக்கு மேல் ஜனத்தொகை, ஆனாலும் தங்களுக்கென்று ஒரு தேசம் கிடையாது. துருக்கியில் 1983 முதல் 1991 வரை அவர்கள் பாஷையில் பத்திரிகை, புத்தகம் போடவே சட்டம் தடை செய்திருந்தது. தாலாட்டுப் பாடுகிற பாஷையை அச்சில் பார்க்கக் கூடாது என்றால் அந்தத் தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஈராக்கில் சதாம் உசேன் ஆட்சியில் 1988 மார்ச் 16-ந் தேதி ஹலப்ஜா என்ற குர்து ஊரின் மேல் விஷ வாயுக் குண்டு போட்டார்கள். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வீட்டிலும் தெருவிலும் விழுந்து மாண்டார்கள். துருக்கியில் 1990-களில், கலகக்காரர்களுக்குச் சோறு போடுகிறார்கள் என்று சொல்லி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குர்து கிராமங்களையும் குக்கிராமங்களையும் ராணுவம் காலி செய்ய வைத்தது. பல ஊர்களைக் கொளுத்தியும் விட்டார்கள்.

கவனித்தீர்களா, சகோதரிகளே? அங்கே "கலகக்காரன்" என்ற பெயர், இங்கே "கடத்தல்காரன்" என்ற பெயர். முதலில் ஒரு முழு ஊருக்கும் கெட்ட பெயர் சூட்டிவிடுவது; பிறகு அந்த ஊருக்கு என்ன செய்தாலும் கேட்க நாதியில்லை என்ற தைரியம். வாச்சாத்தியின் அளவு ஒரு சிட்டிகை, குர்து மக்கள் பட்டது ஒரு கடல் என்பது உண்மைதான். ஆனால் உப்பு சிட்டிகையிலும் அதே உப்புதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணாமல் அடிக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இஸ்தான்புல் நகரத்துத் தாய்மார்கள் 1995 மே மாதம் 27-ந் தேதி ஒரு சதுக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் குர்துப் பெண்கள் பலர். பிறகு சனிக்கிழமைதோறும் உட்கார்ந்தார்கள். 'சனிக்கிழமைத் தாய்மார்கள்' என்றே உலகம் அவர்களுக்குப் பெயர் வைத்தது. அடித்து விரட்டினாலும் திரும்பி வந்தார்கள். படிப்பு, பதவி, பணம் எதுவும் இல்லாத தாய் கையில் கடைசியில் மிஞ்சுகிற ஆயுதம் அதுதான்: சொன்னதையே விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது. வாச்சாத்திப் பெண்களும் அதைத்தான் செய்தார்கள்.

"அப்படி ஒன்றும் நடக்கவில்லை"

1992 ஜூலையில் மலைவாழ் மக்கள் சங்கத்தைச் சேர்ந்த பெ. சண்முகம் முதலானோர் சித்தேரி பக்கம் போனபோதுதான் வாச்சாத்தி விஷயம் வெளியே தெரிய வந்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். அன்றைய அரசாங்கமோ அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று சாதித்தது. சீருடை போட்டவர்கள் சொல்வதை நம்புவதா, தலையில் எண்ணெய் இல்லாத மலைவாசிப் பெண் சொல்வதை நம்புவதா என்று வந்தால் உலகம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த நேரத்தில் துணைக்கு வந்தவர்களில் இரண்டு பெண்களை நாம் மறக்கக் கூடாது. ஒருவர் மத்திய அரசின் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்து அதிகாரியான பாமதி. நேரில் போய் விசாரித்து, பெண்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். இன்னொருவர் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன். பாதிக்கப்பட்ட பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் வாயால் சொன்னதைப் பதிவு செய்தவர். 2021-ல் அவர் காலமானார். ஒரு பெண் பட்டதை இன்னொரு பெண் பொறுமையாகக் கேட்டதால்தான் அது காகிதத்தில் ஏறியது.

1995-ல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது. 1996-ல் 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. வழக்கு கோவை, கிருஷ்ணகிரி என்று சுற்றிக் கடைசியில் தருமபுரிக்கு வந்து சேர்ந்தது. வருஷங்கள் உருண்டன. பதின்மூன்று வயதுச் சிறுமி முப்பதைத் தாண்டினாள். சாட்சிக் கூண்டில் ஏறி, எதிரி வக்கீல்கள் குடைந்து குடைந்து கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பெண்கள் பதில் சொன்னார்கள். வீட்டில் புருஷன் இருக்கிறான், பிள்ளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், ஊரார் என்ன பேசுவார்களோ என்ற பயமெல்லாம் அவர்களுக்கும் இருந்திருக்காதா? இருந்தும் வாயை மூடவில்லை.

2011-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி, தருமபுரி முதன்மை செஷன்ஸ் நீதிமன்றத்தில் நீதிபதி குமரகுரு தீர்ப்புச் சொன்னார். வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! ஒருவர் கூட விடுதலையாகவில்லை. பதினேழு பேர் மீது பலாத்காரக் குற்றம் ருசுவாகி, பன்னிரண்டு பேருக்குப் பத்து வருஷமும் ஐந்து பேருக்கு ஏழு வருஷமும் சிறைத் தண்டனை. மற்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வருஷம் வரை. தண்டனை பெற்றவர்களில் பெரிய வன அதிகாரிகளும் உண்டு.

தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அந்த வழக்கில் 2023 மார்ச் 4-ந் தேதி உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் தாமே வாச்சாத்திக்கு வந்து இடங்களைப் பார்த்து, ஜனங்களிடம் பேசினார். அதே வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். அந்தப் பதினெட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும், பெண்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேலைவாய்ப்புத் தர வேண்டும், அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றவே ஏழை ஜனங்களைப் பலி கொடுத்தார்கள் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

நடந்தது 1992-ல். முதல் தீர்ப்புக்குப் பத்தொன்பது வருஷம். மேல் தீர்ப்புக்கு முப்பத்தொரு வருஷம். பேரன் பேத்தி எடுக்கிற காலம்! நியாயம் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவதா, இவ்வளவு தாமதமாகவா என்று துக்கப்படுவதா? எனக்கு இரண்டும்தான் வந்தது.

யாருக்கு வெட்கம்?

1992-ல் எனக்கும் வயது பதின்மூன்று. இதே மாவட்டத்தில் எட்டாங் கிளாஸ் படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் திண்ணையில் வாச்சாத்தி என்று குசுகுசுப்பார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "என்ன ஆச்சும்மா அந்த ஊர்ல?" என்று அம்மாவைக் கேட்டேன். "பொட்டப் புள்ளைக்கு அந்தப் பேச்சு எதுக்கு? போய் வெளக்கு வையி" என்றுதான் பதில் வந்தது. அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். ஆனால் நான் விளக்கு வைத்துக்கொண்டிருந்த அந்த மாதத்தில், பஸ்ஸில் போனால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில், என் வயசுப் பெண் ஒருத்தி சிறையில் இருந்தாள் என்பது பெரியவளான பிறகு தெரிந்தபோது மனசு பதறிவிட்டது. எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? நான் பிறந்த வீடு வேறு, அவ்வளவுதான்.

இன்றைக்கும் சந்தையில் பார்க்கிறேன். மலையிலிருந்து மூட்டை சுமந்து வந்த பெண்ணை "ஏ, இந்தாடி" என்று ஏகவசனத்தில் கூப்பிடுகிற வியாபாரி, பக்கத்தில் நிற்கும் என்னை "வாங்கம்மா" என்கிறான். அவள் புளியைக் குறைத்து எடை போட்டு வாங்கி, எனக்குக் கூட்டி விலை வைத்து விற்கிறான். ஒருதரம் நான் தட்டிக் கேட்டேன். "உங்களுக்கெதுக்கும்மா, அவங்களே சும்மா இருக்காங்க" என்றான். சும்மா இருக்கிறார்கள் என்பதுதான் எல்லாக் கொடுமைக்கும் முதல் படி. சந்தையில் மரியாதை இல்லாத பேச்சாக ஆரம்பிக்கிறது. யாரும் கேட்காவிட்டால் ஒரு நாள் லாரி ஏறி ஊருக்குள் வருகிறது.

நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கேடு நேர்ந்தால் முதலில் என்ன செய்கிறோம்? கதவைச் சாத்துகிறோம். "வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்" என்கிறோம். யாருடைய மானம்? வீடு புகுந்து திருடியவனை விட்டுவிட்டு, திருட்டுக் கொடுத்தவள் தலை குனிவாளா? வாச்சாத்திப் பெண்கள் தலை நிமிர்ந்து கை நீட்டிக் காட்டினார்கள். தலை குனிந்தவர்கள் கூண்டில் நின்றவர்கள்தான். இந்த ஒரு பாடத்தை நம் பெண் பிள்ளைகளுக்கும், அதைவிட முக்கியமாக நம் ஆண் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

காய்ச்சலுக்குக் கஷாயம் தெரிந்து வைத்திருப்பது போல இவற்றையும் வீட்டுப் பெண்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

• சூரியன் மறைந்த பின், விடிவதற்கு முன் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. மிகவும் அவசியமானால் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்று, பெண் போலீஸ் அதிகாரிதான் செய்ய வேண்டும்.

• பெண்ணின் உடம்பைச் சோதனை போடுவதானால் பெண்தான் செய்ய வேண்டும், அதுவும் கண்ணியமாக.

• சாட்சி விசாரணைக்காகப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரும்படி வற்புறுத்த முடியாது. அவள் வீட்டுக்குத்தான் வந்து விசாரிக்க வேண்டும்.

• யாரைக் கைது செய்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டு போய் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

• குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். பலாத்காரப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே தண்டனை உண்டு.

• பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டிலும் இலவசமாக, உடனே வைத்தியம் செய்தாக வேண்டும். குளிப்பதற்கும் துணியைத் துவைப்பதற்கும் முன்பாகவே போவது நல்லது. தடயம் அதில்தான் இருக்கிறது. துணியை பிளாஸ்டிக்கில் கட்டாமல் காகிதப் பையில் வைத்து எடுத்துப் போங்கள்.

• பாதிக்கப்பட்டவளின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுவது குற்றம்.

• பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் வசதி உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டம் தந்த உரிமை இது. மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். போன் எண் 15100. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

இவற்றில் பலவும் சும்மா வந்துவிடவில்லை. 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி போலீஸ் ஸ்டேஷனிலேயே கெடுக்கப்பட்டாள். கடைசிக் கோர்ட்டு வரை போயும் குற்றவாளிகள் விடுதலையானார்கள். தேசமெங்கும் பெண்கள் தெருவில் இறங்கிக் கூக்குரலிட்ட பிறகு 1983-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். யாரோ ஒரு ஏழைப் பெண் பட்ட கஷ்டம்தான் இன்றைக்கு உங்களுக்கும் எனக்கும் வேலியாக நிற்கிறது.

மனசின் புண்ணுக்கு மருந்து

இத்தகைய கொடுமையில் உடம்புக் காயம் சீக்கிரம் ஆறிவிடும். மனசுக் காயம் அப்படி அல்ல. தூக்கமின்மை, திடுக்கிட்டு எழுவது, காக்கிச் சட்டையைப் பார்த்தாலே நடுக்கம், சாப்பாட்டில் வெறுப்பு, காரணமில்லாத தலைவலி, வயிற்றுவலி எல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம். குழந்தைகள் படுக்கையை நனைப்பார்கள், பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். இதைப் பேய் பிசாசு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். மனநல டாக்டரிடம் போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இதற்கென்று பிரிவு உண்டு.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள். இரண்டாவது, "நீ சொல்றதை நான் நம்பறேன்" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். மூன்றாவது, அவள் பேச நினைக்கும்போது கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். சாம்பார் தீய்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

வாச்சாத்தி வழக்கில் ஜெயித்தது பெரிய படிப்போ, பணமோ, சிபாரிசோ இல்லை. கேட்கிற ஒவ்வொருவரிடமும், கேட்கிற ஒவ்வொரு தரமும், நடந்ததை நடந்தபடி சொன்ன பெண்களின் உறுதிதான். அவர்கள் பேசியதை நாம் கேட்டுக்கொண்டோம் என்பதற்கு அடையாளம் ஒன்றே ஒன்று. அடுத்த முறை ஒரு மலைக்காரப் பெண்ணையோ, வேலைக்கு வரும் பெண்ணையோ, ஊர் விட்டு வந்த அகதிப் பெண்ணையோ யாராவது அதட்டினால், பக்கத்தில் நிற்கிற நாம் "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குக் காசு செலவில்லை, சகோதரிகளே!